‘துணியைக் கொடுத்துட்டு காசு கேட்கக் கூடாது!’ - ஃப்ரீலான்ஸ் மகளுக்கு டெய்லர் அப்பா சொன்ன கணக்கு

2023 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆயுத பூஜை. திருச்சி உறையூரில் இருக்கும் தன் சின்ன தையல் கடையை அப்பா அன்று இரவு பத்து மணிக்குத்தான் சாத்தினார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான். தைக்க வேண்டிய ப்ளவுஸ்கள் மூட்டையாகக் கிடந்தன. இரண்டு மிஷின்களையும் துடைத்து, எண்ணெய் விட்டு, காலையில் சந்தனம் குங்குமம் வைக்கத் தோதாக நகர்த்திப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுப் படுத்தவர், பன்னிரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தார்.

“நெஞ்சைப் பிசையுது” என்றார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

1.40 மணிக்கு, ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டர் முன்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும், முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கள் என்றார்கள்.

அவள் கையில் இருந்த போனில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, வங்கிக் கணக்கில் இருந்த இருப்பு: 8,340 ரூபாய். இன்னொன்று, அவள் எக்ஸெல் ஷீட்டில் சிவப்பு நிறத்தில் இருந்தது. ‘வர வேண்டிய பாக்கி: 1,87,000 ரூபாய்.’

அந்த இரண்டாவது எண்ணை எந்தக் கவுன்ட்டரிலும் கட்ட முடியாது.

சம்பாதித்த பணம்... ஆனால் கையில் இல்லை!

அப்போது அவளுக்கு 29 வயது. ஃப்ரீலான்ஸ் ஓவியர். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவாள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மாப்பிள்ளை, பெண் கார்ட்டூனோடு டிஜிட்டல் பத்திரிகை செய்து கொடுப்பாள். விளம்பர ஏஜென்சிகளுக்கு அனிமேஷன் படங்கள் வரைவாள். வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு லேப்டாப், ஒரு பென் டேப்லட். அதுதான் அவள் ஆபீஸ்.

வேலை இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய நிதியாண்டில் மட்டும் 5,40,000 ரூபாய்க்கு வேலை செய்திருந்தாள். மாதத்துக்குச் சராசரியாக 45,000. ‘ஒழுங்கா ஒரு வேலைக்குப் போனா என்ன?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் அவள் பெருமையாகச் சொல்லும் எண் அது.

ஆனால், அந்த 45,000 எந்த மாதமும் வந்ததில்லை. ஒரு மாதம் 1,12,000 வந்தது. இன்னொரு மாதம் ஒன்பதாயிரம். லட்சம் வந்த மாதத்தில் புது போன் இ.எம்.ஐ-யில் வந்தது, தோழிகளோடு கொடைக்கானல் போனாள், அம்மாவுக்குப் பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாயிரம் வந்த மாதத்தில் அதே இ.எம்.ஐ-க்கு அப்பாவிடம் கேட்டாள். ஊதாரித்தனம் என்று சொல்ல முடியாது. வந்த மாதத்தின் கணக்கை வராத மாதத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த இரவு, தன் எட்டாயிரம், அம்மா அரிசி டப்பாவில் வைத்திருந்த ஏழாயிரம், பெங்களூரில் இருக்கும் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து ஜிபே செய்த இருபதாயிரம், எதிர்வீட்டு அக்கா யோசிக்காமல் அனுப்பிய பதினைந்தாயிரம் எல்லாம் சேர்ந்துதான் ஐம்பதாயிரம் ஆனது. அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

மொத்த பில் 1,90,000-ஐ ஒட்டி வந்தது. மறுநாள் ஆயுத பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி. இரண்டு நாளும் வங்கி லீவு. பூஜை போட்டுக்கொண்டிருந்த தெரிந்த அடகுக்கடைக்காரரிடம் அம்மா தன் கையிலிருந்த நான்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். மொத்தம் ஐந்து பவுன். சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. இருபது வருடமாகக் கையிலேயே இருந்தவை. இரண்டிரண்டாகப் பிரித்து, 70,000 வீதம் இரண்டு சீட்டாக எழுதிக்கொண்டார்கள். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. மொத்தம் 1,40,000 கிடைத்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார்.

“துணியைக் கொடுத்துட்டியா?”

ஒரு மாதம் மிஷின் மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். கடையில் உட்காரும் மனுஷரை வீட்டில் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. நன்றாக நடமாடத் தொடங்கியதும் மெதுவாக மாடியேறி, மகள் வேலை செய்யும் அறையில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவர் முழுசாகப் பார்த்ததே அப்போதுதான்.

பாக்கி வைத்திருந்த மூன்று இடங்களுக்கும் அவள் போன் செய்துகொண்டே இருந்தாள். ஏஜென்சியில் மட்டும் 1,10,000 ரூபாய். ஜூனில் முடித்துக் கொடுத்த வேலை. ‘அக்கவுன்ட்ஸ்ல போட்டிருக்கோம் மேடம்’, ‘க்ளையன்ட்டே எங்களுக்கு இன்னும் தரலை மேடம்’, ‘சார் லீவுல இருக்காரு மேடம்.’ ஒரு பதிப்பகம் 45,000 தர வேண்டும். கல்யாணப் பத்திரிகை வாங்கிக்கொண்டுபோன ஆறு குடும்பங்கள் சேர்ந்து 32,000.

நாலைந்து நாள் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒரு நாள் கேட்டார். “படத்தை அவங்ககிட்ட கொடுத்துட்டியா?”

“ஜூன்லயே அனுப்பிட்டேன்ப்பா.”

“ஃபுல்லாவா?”

“ஃபைனல் ஃபைல் எல்லாம் போயிடுச்சு.”

“துணியைக் கொடுத்துட்டு அப்புறம் காசு கேட்டா எப்படிம்மா தருவான்? அதுக்குப் பேரு வசூல் இல்ல... யாசகம்.”

அவளுக்குக் கோபம் வந்தது. இது தையல் கடை இல்லை, கார்ப்பரேட் கம்பெனிகளில் அப்படியெல்லாம் கேட்க முடியாது என்றாள். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் கடைக்கு ஆள் அனுப்பி, தன் ரசீதுப் புத்தகத்தை வாங்கி வரச் சொன்னார்.

கார்பன் வைத்து எழுதும் சாதாரண பில் புக்தான். ஒவ்வொரு ரசீதிலும் ஒரு நம்பர், அளவு, கொடுக்க வேண்டிய தேதி, மொத்தக் கூலி, வாங்கிய அட்வான்ஸ், மீதி. ஓரத்தில் அந்தத் துணியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, குண்டூசியில் குத்தப்பட்டிருக்கும். முப்பத்தைந்து வருடமாக இதே பழக்கம்.

“லைனிங் துணி, நூலு, கொக்கி எல்லாம் என் காசு. பாதி வாங்காம கத்தரி வைக்கவே மாட்டேன். மீதி வாங்காம ஹேங்கர்லேருந்து எடுக்க மாட்டேன். ஒரு தடவை பிடிச்சுக் கொடுப்பேன், ரெண்டு தடவை பிரிச்சுக் கொடுப்பேன். மூணாவது தடவை வந்தா அது தையல் தப்பு இல்ல, உடம்பு மாறியிருக்கு. காசு கொடுங்கனு சொல்லிடுவேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அன்று மாலையே தன் இன்வாய்ஸின் கீழே நான்கு வரிகளைச் சேர்த்தாள். வேலை தொடங்க 50 சதவீதம் முன்பணம். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதன்பின் கட்டணம். ஒப்புதலுக்கு அனுப்பும் படத்தில் வாட்டர்மார்க் இருக்கும். மீதிப் பணம் வந்த பிறகே ஒரிஜினல் ஃபைல்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘ஓகே’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்கினாள். முதல் மாதத்தில் இரண்டு க்ளையன்ட் கழன்றுகொண்டார்கள். பயமாக இருந்தது. அவர்கள் இருவருமே பழைய பாக்கிக்காரர்கள் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அதே ஏஜென்சிக்குப் பொங்கல் விளம்பரத்துக்காக வேறொரு வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. படங்களை முடித்து வைத்துக்கொண்டு, ‘பழைய பில் வந்ததும் ஃபைனல் ஃபைல் அனுப்புகிறேன்’ என்று ஒரே ஒரு மெயில் போட்டாள். கை நடுங்கியது. ஐந்தாவது நாள் 99,000 வந்தது.

பத்து, பத்து, இருபது!

காசை வாங்குவது ஒரு பாதி. வந்த காசை நிறுத்தி வைப்பது இன்னொரு பாதி. அதற்கும் அப்பாவிடம் ஒரு வழி இருந்தது.

பெண்கள் ப்ளவுஸும், ஸ்கூல் யூனிஃபார்மும் தைக்கிறவருக்கு வருடம் முழுக்க ஒரே மாதிரி வருமானம் இருக்காது. ஜூனில் யூனிஃபார்ம், முகூர்த்த மாதங்களில் கல்யாண ப்ளவுஸ், தீபாவளிக்கு மூட்டை மூட்டையாகத் துணி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்யாணப் பத்திரிகை வரையும் மகளுக்கும் அதே ஆடி, அதே மார்கழி. இருவரும் ஒரே பஞ்சாங்கத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்பதை அதுவரை யோசித்ததே இல்லை.

அப்பா கடை டிராயரில் இரண்டு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. ஒன்று ‘மிஷின் டப்பா’. பெல்ட், மோட்டார், ஊசி, என்றாவது வாங்க வேண்டிய புது மிஷின், எல்லாம் அதிலிருந்துதான். இன்னொன்று ‘ஆடி டப்பா.’ வீட்டுக்குத் தரும் பணம் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. தீபாவளி வாரமானாலும் அதுதான், ஆடி வாரமானாலும் அதுதான்.

அவள் அதை வங்கிக் கணக்குகளாக மாற்றினாள். க்ளையன்ட்டுகள் பணம் போடுவதற்கு ஒரு கணக்கு. அதற்கு ஏ.டி.எம் கார்டும் இல்லை, ஜிபேயும் இல்லை. அதில் நூறு ரூபாய் வந்தால் பத்து ரூபாய் வரிக்கு, பத்து ரூபாய் ‘மிஷினுக்கு’, அதாவது லேப்டாப், சாஃப்ட்வேர் செலவுகளுக்கு. இருபது ரூபாய் ‘ஆடிக்கு’. மீதி அறுபது ரூபாய் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, அதிலிருந்து அவளுடைய இன்னொரு கணக்குக்கு 25,000 ரூபாய் ‘சம்பளம்’ போகும். வீட்டுக்குத் தருவது, இ.எம்.ஐ, பெட்ரோல், சினிமா எல்லாம் அந்த 25,000-க்குள்.

லட்சம் வந்தாலும் 25,000-தான். ஒன்பதாயிரம் வந்தாலும் 25,000-தான்.

அந்தத் தொகையை அவள் சராசரி பார்த்து முடிவு செய்யவில்லை. இரண்டு வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்து, மோசமான மாதங்கள் எத்தனை, அவை எத்தனை மாதம் தொடர்ந்து வந்தன என்று பென்சிலால் குறித்துப் பார்த்து, தாங்கும் என்று தோன்றிய தொகையை வைத்தாள்.

அந்தக் கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டியது. கையில் 25,000 சம்பளம் வர வேண்டுமென்றால், அறுபது சதவீதக் கணக்கில் மாதம் ஏறத்தாழ 42,000 வரவு வேண்டும். மாதத்தில் 25 நாள் வேலை செய்கிறாள். ஆனால் போன், மெயில், கொட்டேஷன், திருத்தம், பாக்கி கேட்பது எல்லாம் போக, காசு வரும்படி உட்கார்ந்து வரையும் நாள்கள் 14-தான். 42,000-ஐ 14-ஆல் வகுத்தால் 3,000. அதாவது, அவளுடைய ஒரு நாளின் விலை 3,000 ரூபாய். அதுவரை ஒரு முழு நாளை விழுங்கும் படத்துக்கு 1,500 வாங்கிக்கொண்டிருந்தாள்.

இனி வேலை வந்தால், ‘இதுக்கு எவ்வளவு கேட்கலாம்?’ என்று தோழிகளுக்கு மெசேஜ் அனுப்புவதில்லை. எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் பார்ப்பாள்.

தொலைந்துபோனதாக நினைத்த 26,400 ரூபாய்

ஏஜென்சி தர வேண்டியது 1,10,000. வந்தது 99,000. மீதி 11,000? டி.டி.எஸ். தொழில்முறை கட்டணம் என்று கம்பெனிகள் தரும் பணத்தில், வருடத்தில் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், 10 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டிவிடுவார்கள். அப்போது அந்த வரம்பு 30,000 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து 50,000.

‘பிடிச்சுட்டாங்க, போச்சு’ என்றே அவள் பல வருடம் நினைத்திருந்தாள். சம்பளக்காரர்கள்தான் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும் என்றும் நினைத்திருந்தாள். டிசம்பரில் ஒரு ஆடிட்டரிடம் போனபோது, அவர் அவளுடைய பான் எண்ணை வைத்து வருமான வரித்துறையின் 26ஏ.எஸ் படிவத்தை எடுத்துக் காட்டினார். எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில், எவ்வளவு பிடித்தது எல்லாம் வரிசையாக இருந்தது. 2022-23 நிதியாண்டில் மட்டும் 26,400 ரூபாய்.

“இது உங்க காசும்மா. ரிட்டர்ன் போட்டாதான் திரும்ப வரும். டிசம்பர் 31 வரைக்கும்தான் டைம்” என்றார் ஆடிட்டர்.

லேப்டாப் தேய்மானம், சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், பிரின்ட் செலவு எல்லாம் கழித்தால், அவளுடைய வருமானம் அந்த ஆண்டுக்கு வரி விழாத ஐந்து லட்சத்துக்குக் கீழே நின்றது. தாமதக் கட்டணம் 1,000 போக, 25,400 ரூபாய் திரும்ப வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் பிடித்த பணத்துக்குக் காலக்கெடு முடிந்திருந்தது. தனியாக மனு போட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லி, துறை ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. அந்தத் தொகை எவ்வளவு என்று அவள் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் வராது.

‘அனுமான வரி’ என்ற முறையையும் ஆடிட்டர் சொன்னார். சில தொழில் செய்பவர்கள், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக்கு ஒவ்வொரு பில்லாகக் காட்ட வேண்டியதில்லை. சினிமாவில் எடிட்டர், கேமராமேன், பாடலாசிரியர், வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பாளர் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் வருவார்கள். ஓவியர் என்று அதில் நேரடியாக இல்லை. அதனால் ‘யூடியூப்ல பார்த்தேன், பாதி காட்டினா போதுமாம்’ என்று தானாக முடிவு செய்யாமல், ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.

2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை. ‘வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?’ என்று கேட்கும் ஃப்ரீலான்ஸர்கள் நிறைய. பிடித்த டி.டி.எஸ் திரும்ப வர வேண்டுமென்றால் ரிட்டர்ன் வேண்டும். நாளை வீட்டுக்கடனோ, வண்டிக்கடனோ கேட்டுப் போனால், பே ஸ்லிப் இல்லாதவரிடம் வங்கி முதலில் கேட்பது இரண்டு, மூன்று வருட ரிட்டர்னைத்தான். ஜி.எஸ்.டி பற்றிய பயம் வேறு. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

45 நாள் சட்டம்

ஆடிட்டர் சொன்ன இன்னொரு விஷயம், உத்யம் பதிவு. ஒற்றை ஆளாக மாடியறையில் வரைபவரும் குறு நிறுவனம்தான். ஆதார், பான் இருந்தால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவரிடம் வேலை வாங்கினால், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இது 2006-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பணம் வராவிட்டால் அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம்.

வட்டி கேட்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. எந்த ஃப்ரீலான்ஸருக்குத்தான் வரும், அடுத்த வேலையும் அதே இடத்திலிருந்து வர வேண்டுமே! ஆனால், இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டாள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் புது விதி ஒன்று அமலுக்கு வந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, நிஜமாகக் கொடுக்கும் வரை கம்பெனி தன் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது.

2024 மார்ச் கடைசி வாரம். ‘சார் லீவுல இருக்காரு’ என்று சொல்லும் அதே அக்கவுன்ட்ஸ் ஆபீஸரிடமிருந்து அவளுக்கே போன் வந்தது. “மேடம், உங்க உத்யம் சர்ட்டிஃபிகேட் அனுப்புங்க. பெண்டிங் பில் ஏதாவது இருக்கா?”

போனை வைத்துவிட்டு அவள் கீழே ஓடி அப்பாவிடம் சொன்னாள். “பார்த்தியா... ரசீதுல நம்பர் இருக்கணும்” என்றார் அவர்.

ஒரு கையில் தங்கம், ஒரு கையில் கவரிங் இல்லை...

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

வங்கி திறந்ததும், முதல் வேலையாக இரண்டு சீட்டையும் வங்கி நகைக்கடனுக்கு மாற்றியிருந்தாள். மாதம் 2,100 ரூபாயாக இருந்த வட்டி 1,100 ஆகக் குறைந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கும் தம்பிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பதிப்பகப் பணம் ஜனவரி புத்தகக் காட்சி முடிந்து வந்தது. கல்யாணப் பத்திரிகை பாக்கியில் 12,000 வரவே இல்லை. அதை எழுதிக் கழித்துவிட்டாள். 2024 பிப்ரவரியில் முதல் இரண்டு வளையல்கள் வீட்டுக்கு வந்தன.

வைகாசியில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். அப்போது ‘ஆடிக் கணக்கில்’ வரி ரீஃபண்டும் சேர்ந்து 70,000 ரூபாய் சில்லறை இருந்தது. மீதி இரண்டு வளையலை மீட்க வேண்டியதும் 70,000.

அம்மா நேரடியாகக் கேட்கவில்லை. “கல்யாணத்துக்குள்ள முடியுமா பாரு” என்றார்.

அவள் முடியாது என்றாள். அந்தப் பணத்தை எடுத்தால், அடுத்த ஆத்திர அவசரத்துக்கு மறுபடியும் அதே வளையல்தான் கழற்றப்படும். 70,000-க்கு வங்கி வட்டி மாதம் 550 ரூபாய் சொச்சம். கையில் பணம் இருப்பதற்கான கூலியாக அதை நினைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினாள். கணக்கு சரிதான். ஆனால் அம்மா கேட்டது கணக்கு இல்லை.

“கையை மூடிக்கிட்டுப் பந்தியில உட்காரணுமா நான்?”

இரண்டு நாள் பேசவில்லை. கல்யாணத்துக்கு அம்மா கிளம்பியபோது, இரண்டு கையிலும் இரண்டிரண்டு வளையல் மின்னியது. ஒவ்வொரு கையிலும் ஒன்று தங்கம், ஒன்று கவரிங். எது எது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டின் மேல் விட்டுக்கொண்டே இருந்தார் அம்மா.

அந்த ஆடியில் ஏஜென்சியின் பெரிய க்ளையன்ட் ஒருவர் விலகினார். ஐந்து வாரம் புது வேலை இல்லை. ஜூலையில் வந்தது 11,000, ஆகஸ்ட்டில் 6,000. அதே சமயம் லேப்டாப்பின் மதர்போர்டு போனது. சரிசெய்ய 18,000 கேட்டார்கள். ‘மிஷின் கணக்கில்’ இருந்து அதைக் கட்டினாள். சம்பளக் குறைச்சலுக்கு ‘ஆடிக் கணக்கில்’ இருந்து 30,000 எடுத்தாள். ஒன்றாம் தேதி வீட்டுக்குத் தர வேண்டியதை எப்போதும்போலத் தந்தாள்.

அதை வாங்கி எண்ணும்போது அம்மா கேட்டார். “வேலையே இல்லைன்னு சொன்னே... இது ஏது?”

“வைகாசியில நீங்க கேட்ட காசும்மா.”

அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். சமாதானம் ஆனாரா என்று தெரியாது. ஆனால், அதற்குப் பிறகு வளையலைப் பற்றிக் கேட்கவில்லை. மீதி இரண்டும் 2025 தைப் பொங்கலுக்கு முதல் வாரம் திரும்பி வந்தன. அதே சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கையில் ஏறின.

அப்பாவிடம் இல்லாத டப்பா

அப்பாவின் டிராயரில் எல்லாவற்றுக்கும் டப்பா இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை... அவருக்கு.

முப்பத்தைந்து வருடம் தைத்த மனுஷருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை, பென்ஷன் இல்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கு என்று தனி நலவாரியமே இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டு, அவருக்கு 63 ஆகிவிட்டது.

ஸ்டென்ட் வைத்த பிறகு அவருக்கு பாலிசி தேடி அலைந்தபோதுதான், உடம்பு நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டியது அது என்பது புரிந்தது. ஒரு நிறுவனம் மறுத்தது. இன்னொன்று கூடுதல் பிரீமியத்தில் கொடுத்தது. ஏற்கெனவே உள்ள இதய நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அந்தக் காத்திருப்பு மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. அதுவரை மாத்திரையும் வேண்டுதலும்தான்.

தனக்கும் அம்மாவுக்கும் 2024 ஜனவரியிலேயே மருத்துவக் காப்பீடு எடுத்தாள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலாளி எடுத்துத் தருவதை, ஃப்ரீலான்ஸர் தனக்குத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி நீக்கப்பட்டது. அந்த மிச்சமும் ‘ஆடிக்கு’ப் போகும்.

பி.எஃப் பிடிக்க ஆள் இல்லாததால், தபால் நிலையத்தில் பி.பி.எஃப் கணக்கு தொடங்கினாள். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம், 15 வருடக் கணக்கு. 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீத வட்டி தொடர்கிறது. மாதாமாதம் இவ்வளவு கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததுதான் அவளுக்குப் பிடித்தது. முகூர்த்த மாதத்தில் ஐந்தாயிரம், ஆடியில் ஒன்றும் இல்லை.

அட்வான்ஸ் வாங்கிட்டியா?

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. டாக்டர் சொன்னபடி அப்பா இப்போது அரை நாள்தான் கடை திறக்கிறார். இரண்டு மிஷின்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் அவளுடைய லேப்டாப், பென் டேப்லட், அப்பாவின் கத்தரி, இஞ்ச் டேப், ரசீதுப் புத்தகம். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு வைக்க, வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது. டேப்லட் திரையில் குங்குமம் வைக்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். அம்மா கேட்கவில்லை.

கற்பூரம் அணைவதற்குள் போன் அடித்தது. ஐப்பசி கல்யாணம், அவசரமாகப் பத்திரிகை வேண்டும், பணம் ஒரு பிரச்னையே இல்லை, இன்றே ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டார்கள். அவள் தேதி, பெயர் எல்லாம் குறித்துக்கொண்டு போனை வைத்தாள்.

தட்டில் இருந்து திருநீறு எடுத்துக்கொண்டே அப்பா கேட்டார்.

“அட்வான்ஸ் போட்டுட்டாங்களா?”

“இன்னும் இல்லப்பா.”

“அப்ப மிஷின் மேல இருக்கற பூவை எடுக்காதே” என்றார்.